எண்ணோடு குறிப்பும் வேண்டும்

சில மாதங்களுக்கு முன், பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். தமது நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்து, அத்தொகையை ஒரு நிறுவனத்தின் பங்குகளில் முதலிட விரும்புவதாகத் தெரிவித்தார். காரணம் கேட்டபோது கைப்பேசியை நீட்டினார். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்று தந்த பதில் அதில் இருந்தது. எல்லாச் செலவும் போக அந்நிறுவனத்திடம் ஓராண்டில் 800 கோடி ரூபாய் ரொக்கம் மிஞ்சியதாக அது கூறியது.

ஆண்டறிக்கையைத் திறந்து இருவரும் பார்த்தோம். எளிமைக்காக முழு எண்களில் சொல்கிறேன். தொழில் நடவடிக்கைகளால் வந்த ரொக்கம் 500 கோடி. இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் செலவிட்டது 300 கோடி. ஆகவே மிஞ்சியது 200 கோடி மட்டுமே. கணக்கிட்ட முறையைக் காட்டுமாறு உதவியாளரிடம் கேட்டோம். தவறு வெளிப்பட்டது. வெளியே சென்ற பணம் என்பதால், தரவுக் கருவி அந்த 300 கோடியைக் கழித்தல் குறியுடன் தந்திருந்தது. உதவியாளர் அதை மீண்டும் கழித்தது. கழித்தல் எண்ணைக் கழித்தால் தொகை கூடும். 200 கோடி 800 கோடியாகிவிட்டது.

இலாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது வணிகவியலின் முதற்பாடங்களுள் ஒன்று. கடனுக்கு விற்ற சரக்கும் இலாபக் கணக்கில் சேரும். ஆனால் அதைக் கொண்டு ஊழியருக்குச் சம்பளம் தர இயலாது. கைக்கு வந்ததையும் கையை விட்டுப் போனதையும் தொழில், முதலீடு, நிதி திரட்டல் என்னும் மூன்று தலைப்புகளில் காட்டுவதே ரொக்க ஓட்ட அறிக்கை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் இதனை நிதிநிலை அறிக்கையின் ஓர் அங்கமாக்கியுள்ளது. ஒருநபர் நிறுவனம், சிறு நிறுவனம், செயல்படா நிறுவனம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இன்று இவ்வறிக்கையைப் பலரும் நேரடியாகப் படிப்பதில்லை. நுண்ணறிவு முகவரிடம் கேட்கின்றனர். முகவர் தரவுக் கருவி ஒன்றிடம் கேட்டு விடை பெறுகிறது. இத்தகைய இணைப்புக்கான பொதுநெறியாக 2024 நவம்பரில் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ வெளியானது. கருவி எதைத் தரும், எப்படித் தரும் என்று அதை உருவாக்கியோர் எழுதிவைக்கும் விளக்கக் குறிப்பே முகவருக்கு வழிகாட்டி. அச்சிட்ட அறிக்கையில் அடைப்புக்குறியையும் பத்தித் தலைப்பையும் கண்டு நாம் பொருள் உணர்கிறோம். கருவி வெறும் எண்ணை மட்டும் தந்தால் முகவருக்கு அந்த வசதி இல்லை. குறிப்பில் விடுபட்டதை அது ஊகித்து நிரப்பும்.

நல்ல குறிப்பு எவற்றைச் சொல்ல வேண்டும்? முதலில், செலவுத் தொகைகள் கழித்தல் குறியுடன் வருமா என்பது. அடுத்து அலகு. ஒரு கோடி என்பது பத்து மில்லியன். இது தெளிவாக இல்லையெனில் விடை பத்து மடங்கு பிறழும். தொகை நிறுவனத்துக்கு மட்டும் உரியதா, துணை நிறுவனங்களையும் சேர்த்ததா என்பதும் தெரிய வேண்டும்.

காலம் இன்னும் நுட்பமானது. செபி விதிப்படி, இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2019 ஏப்ரல் முதல் அரையாண்டுக்கு ஒருமுறை ரொக்க ஓட்ட விவரம் அளிக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டுக்கும் அளிக்க வேண்டியதில்லை. எனவே காலாண்டு விவரம் கேட்டால் பெரும்பாலும் வெற்றிடமே கிடைக்கும். வெற்றிடம் என்பது பூஜ்யம் அன்று என்பதைக் குறிப்பு உணர்த்த வேண்டும். அமெரிக்க நிறுவனங்கள் காலாண்டுதோறும் தருகின்றன. ஆனால் நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து திரட்டித் தருகின்றன. மூன்றாம் காலாண்டு அறிக்கையின் தொகை ஒன்பது மாதங்களுக்கு உரியது.

வகைப்பாடும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியக் கணக்கியல் தரம் 7இன்படி, நிதி நிறுவனம் அல்லாத நிறுவனம் செலுத்தும் வட்டி நிதி திரட்டல் பிரிவில் சேரும். அமெரிக்க முறையில் அது தொழில் பிரிவில் சேரும். வங்கிகளோ தனிவகை. நீங்கள் செலுத்தும் வைப்பும் நாங்கள் வழங்கும் கடனும் எங்களுக்குத் தொழில் நடவடிக்கைகளே. ஆதலால் ஆலைக்குப் பொருந்தும் உபரி ரொக்க அளவுகோல் வங்கிக்குப் பொருந்தாது.

இவை யாவும் சரியாக இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தமது கடிதத்தில், கணக்கேட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். அன்று இத்தகைய கருவி இருந்திருந்தால் 5,361 கோடியையே தந்திருக்கும். அறிக்கையில் உள்ளதை எடுத்துத் தருவதே கருவியின் வேலை. அறிக்கை மெய்யா என்று அது அறியாது.

ஆகவே, உதவியாளர் ஒரு தொகையைச் சொன்னால் எந்த ஆண்டு, என்ன அலகு, எந்த அறிக்கை, எப்படிக் கணக்கிட்டாய் என்று கேளுங்கள். பின்னர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்த ஒரு வரியையேனும் ஒப்பிடுங்கள். வங்கிப் பற்றுச்சீட்டில் தேதியும், பற்றா வரவா என்ற விவரமும் இல்லாமல் ஒரு தொகை மட்டும் இருந்தால் நீங்கள் ஏற்பீர்களா?

அந்த வாடிக்கையாளர் அன்று வைப்பை முடிக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளைத் தாமே படித்த பின் முடிவெடுப்பதாகக் கூறி, கணக்கிட்ட தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார்.