மடையில்லா வாய்க்கால்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்று நீர், பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி ஈறாக 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகின்றது. ஆயினும், நீர் வந்தால் மட்டும் நெல் விளைந்துவிடாது. வேண்டுங்கால் மடையைத் திறந்து, வேண்டாக்கால் அடைப்பவன் வயலருகே இருத்தல் வேண்டும். அவன் அயர்ந்தால் நாற்று அழுகும்.

இளைஞர் கையிலுள்ள திறன்பேசியோ, மடையில்லா வாய்க்காலை ஒத்தது. இஃது உவமைக்காகக் கூறுவதன்று. அக்கருவியின் அமைப்பே அத்தகையது. நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாடகத்திற்கு இறுதிக் காட்சி உண்டு. இணையப் பக்கங்கட்கும் முன்னர் எல்லை இருந்தது. 2006ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், விரலால் தள்ளத்தள்ள முடிவின்றி நீளும் முறையைக் கண்டறிந்தார். பின்னாளில் அதன் தீங்குணர்ந்து அவரே வருந்தினார். சமூக ஊடக நிறுவனங்கள் அம்முறையை விடவில்லை. காண்போர் நெடுநேரம் தங்குந்தோறும் அவற்றின் விளம்பர வருவாய் பெருகுமன்றோ? 2009இல் முகநூலில் விருப்பக்குறி புகுந்தது. ஒரு படத்தை இட்டுவிட்டு, எத்தனை பேர் விரும்பினர் எனக் கணந்தோறும் எடுத்துப் பார்ப்பவன், தன் மதிப்பைப் பிறர் விரல்நுனியில் அடகு வைத்தவனாவான். கண்டறியாத எவரையும் ‘நண்பர்’ என்பது அச்சொல்லுக்கு இழைக்கும் கொடுமை.

மாணவரை மட்டும் குறைகூறல் முறையன்று. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்தின் பொருட்டே பெற்றோர் பலர் இக்கருவியைக் கடன்பட்டும் வாங்கித் தந்தனர். பள்ளி திறந்தபின்னும் அது கையை விட்டு நீங்கவில்லை.

கேடு சிறிது சிறிதாகவே வரும். முதற்கண் உறக்கம் குறையும். கற்றவை நெஞ்சில் நிலைபெற உறக்கம் துணைபுரிவதாதலின், நள்ளிரவு கடந்தும் விழித்திருப்பவன் மறுநாள் வகுப்பில் புதியதைக் கொள்ளான், பழையதையும் இழப்பான். அரை நிமிடக் காட்சிகளிற் பழகிய கண், ஒரு பக்கத்தைத் தொடர்ந்து படிக்க இயலாது அலையும்.

தேனி மாவட்டமும் அடங்கிய எல்லையையுடைய மதுரை உயர்நீதிமன்றக் கிளை, சிறுவர் தீயோர்க்கு இலக்காவர் என்று கவன்று, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு 2019 ஏப்ரலில் ஆணையிட்டது. அத்தடை அத்திங்களிலேயே நீங்கியது. நாட்டின் பாதுகாப்பைக் கருதி 2020 சூனில் நடுவணரசே அச்செயலியை விலக்கியது. அடுத்த திங்களிலேயே அத்தகைய குறுங்காட்சிகள் இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டன! ஒரு வாய் அடைபட மறுவாய் திறந்தது.

தம்மால் விட இயலாதார் நாணுதல் வேண்டா. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கெனவே 2014ஆம் ஆண்டில் தனிப்பிரிவு தொடங்கியது. அத்துணைத் தொலைவு செல்ல இயலாதார், 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் ‘டெலி மானஸ்’ உளநல உதவியைத் தமிழிலேயே பெறலாம்.