வேதபாட வகுப்புக்கு யார் சம்மதம் தர வேண்டும்?

கோடை விடுமுறை முடியப்போகிறது. தாராபுரம், மூலனூர், குண்டடம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் நமக்கு வரும் கடிதங்களில் பல ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன. கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை வேதபாட வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டுமா? "எல்லாத்துக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் சீட்டுங்கறாங்க. அப்படிச் சட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்கிறார் ஒரு தாய்.

இல்லை. இருப்பது அதற்கு நேர்மாறான சட்டம். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தப் பள்ளிக்கு எந்த விதி?

அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. நம் ஊர் சி.எஸ்.ஐ., ஆர்.சி. தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடமும் நிர்வாகமும் திருச்சபையுடையவை. ஆகவே 'முழுக்க' என்ற வரையறைக்குள் அவை வருவதில்லை. வேதபாடம் நடத்தத் தடையில்லை. 1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை போட்ட பாதை இது. பொதுப்பாடத்துக்கு மானியம் உண்டு, மதப்பாடத்தை அரசின் ஆய்வாளர் கண்டுகொள்ள மாட்டார் என்ற அந்த ஏற்பாட்டின் சாயல் இன்றைக்கும் மாறவில்லை. காலை முதல் மணியில் பைபிள் கதை சொல்லும் ஆசிரியைதான் அடுத்த மணியில் அரசுச் சம்பளத்துக்குக் கணக்கு நடத்துகிறார்.

சம்மதம் என்பது என்ன?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிரிவு 28(3) சொல்வது இது: அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மதபோதனையில் பங்கேற்குமாறோ வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் சம்மதித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. வயது வராத பிள்ளையானால் அந்தச் சம்மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தர வேண்டும்.

இதன் அருமை இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் தெரியும். அங்கே 1870-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தில் 'மனச்சாட்சி விதி' ஒன்று வந்தது. மதப்பாடம் உண்டு, வேண்டாம் என்கிற பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். அந்த விலகும் உரிமை இன்றும் அங்கே இருக்கிறது. அதாவது, பேசாமல் இருந்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும். நம் அரசமைப்பு இதைத் தலைகீழாக வைத்தது. இங்கே பெற்றோர் பேசாமல் இருந்தால் பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டும் என்பவர்தான் வாய் திறக்க வேண்டும். படிக்காத பெற்றோர், மேலாளரிடம் நின்று பேசத் தயங்கும் கூலித் தொழிலாளி, இவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும். மிஷன் பள்ளிகளில் மனச்சாட்சி விதி வேண்டும் என்று வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் போன்றவர்கள் வெள்ளையர் காலத்தில் வாதாடினார்கள். அவர்கள் கேட்டதைவிட ஒரு படி கூடவே சுதந்திர இந்தியா கொடுத்தது.

இந்தப் பாதுகாப்பை ஒரு விண்ணப்பப் படிவம் கரைத்துவிட முடியும் என்பதுதான் கவலை. 'பள்ளியின் எல்லா விதிகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து அல்லது கைரேகை. சீருடை, வருகைப்பதிவு, கட்டணம் எல்லாவற்றோடும் மதபோதனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. அரசமைப்பு வேண்டும் என்றால் சொல் என்றது. படிவம் அதை வேண்டாம் என்றால் சொல் என்று மாற்றிவிடுகிறது. சொல்லத் துணிகிறவர் எத்தனை பேர்? எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் போட்ட கையெழுத்து 28(3) கேட்கும் சம்மதம் ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

'எங்கள் பள்ளியில் யாரும் மறுத்ததே இல்லை' என்று நிர்வாகங்கள் சொல்வது வழக்கம். கேட்காத இடத்தில் மறுப்பு எப்படி வரும்? புகார் எதுவும் வரவில்லை என்ற அதிகாரிகளின் பதிலையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். மறுப்பு இல்லை என்பதைச் சம்மதத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இங்கிலாந்தின் 1870 சட்டம் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. மதப்பாடம் பள்ளி நேரத்தின் தொடக்கத்தில் அல்லது முடிவில்தான் இருக்க வேண்டும். அந்தக் கால அட்டவணையை எல்லோர் கண்ணிலும் படும்படி வகுப்பறையில் நிரந்தரமாக மாட்ட வேண்டும். விலகும் பிள்ளை அரைமணி தாமதமாக வரலாம், அல்லது முன்னதாக வீடு திரும்பலாம். தனியே நிற்க வேண்டியதில்லை. நம் பிரிவு 28-இல் நேரம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே மதபோதனை தரலாம் என்று வரைவில் ஓர் உட்பிரிவு இருந்தது. அரசியல் நிர்ணய சபை விவாதத்தில் அது கைவிடப்பட்டது. அதனால் வேதபாடம் நடுப்பகலில் வந்தால், சம்மதம் தராத ஆறு வயதுப் பிள்ளை வராந்தாவில் உட்கார வேண்டியதாகிறது. கூட்டாளிகள் உள்ளே பாடிக்கொண்டிருக்க, வெளியே தனித்து உட்காருவது அந்த வயதில் தண்டனைதான். அதற்கு அஞ்சியே பெற்றோர் வாய் மூடிவிடுகிறார்கள்.

'நீதிபோதனை' என்று பெயர் வைத்தால்?

பல பள்ளிகளில் மணி அடித்ததும் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நீதிபோதனைக்கும் பிரிவார்கள். நல்ல ஏற்பாடு. பொய் சொல்லாதே, பகிர்ந்து உண் என்பவை எல்லோருக்கும் பொது. பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிட வேண்டாம். 1971-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும் 2002-இல் அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஒரு சமயத்தைப் பற்றியும் ஒரு ஞானியின் வாழ்வைப் பற்றியும் அறிவாகச் சொல்லித்தருவது வேறு. அச்சமயத்தின் நம்பிக்கையையும் வழிபாட்டையும் பழக்குவது வேறு. நல்ல சமாரியன் கதை எந்தப் பிள்ளைக்கும் ஏற்றது. கதை முடிந்ததும் கண்ணை மூடி, கைகூப்பி ஜெபம் சொல்ல வைத்தால் அந்த வகுப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன படித்தாய், என்ன செய்தாய் என்று இரண்டையும் கேளுங்கள்.

வேதபாடத்தில் உட்கார்ந்தால் சாதிச் சான்றிதழ் போய்விடுமா?

தாராபுரம் தனித்தொகுதி. இந்தக் கேள்வியின் பின்னால் உள்ள அச்சம் உண்மையானது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஒடுக்கப்பட்டவர் கோயிலை மாற்றினால் சலுகை போகும், தீண்டாமை மட்டும் கூடவே வரும் என்கிற இந்த ஆணை அநீதியானது. ஆனால் இன்றைய சட்டம் அதுதான். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது ஞானஸ்நானத்தையும் தொடர்ந்து தேவாலயம் சென்றதையும்தான். பள்ளியில் பைபிள் கதை கேட்பது மதமாற்றம் ஆகாது. படிவத்தில் மதம் என்ற கட்டத்தை மட்டும் ஆசிரியரிடம் விடாமல் நீங்களே நிரப்புங்கள், அல்லது சொல்லி எழுதவைத்துச் சரிபாருங்கள்.

மற்ற கேள்விகள்

*நாங்கள் பெந்தெகொஸ்தே, ஆர்.சி. பள்ளி மறைக்கல்வியை மறுக்கலாமா?* மறுக்கலாம், 28(3) எல்லோருக்கும்.

*இந்து அறக்கட்டளைப் பள்ளியில் சரஸ்வதி பூஜைக்குக் கிறிஸ்தவப் பிள்ளை வர வேண்டுமா?* அதே விதி, அதே பதில்.

*காலைக் கூட்ட ஜெபம்?* வழிபாடும் 28(3)-இல் அடங்கும். அமைதியாக நிற்பது அவமதிப்பு ஆகாது. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக நின்ற கேரளப் பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது தவறு என்று 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

*கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இடம் சிறுபான்மைப் பள்ளிகளில் உண்டா?* இல்லை, உச்ச நீதிமன்றத்தின் 2014 பிரமாதி தீர்ப்பு விலக்கு அளித்தது. 2025 செப்டம்பர் 1-இல் இரு நீதிபதிகள் அதை ஐயுற்றுப் பெரிய அமர்வுக்குப் பரிந்துரைத்தார்கள்.

*ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்)?* அந்த 2025 தீர்ப்பின்படி, பெரிய அமர்வு முடிவு செய்யும் வரை சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களைக் கட்டுப்படுத்தாது.

*வேதபாட மதிப்பெண் குறைந்தால்?* அரசின் தேர்ச்சிக் கணக்கில் அந்தப் பாடத்துக்கு இடமில்லை.

செய்ய வேண்டியது

தன் சமயத்தைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் உரிமை திருச்சபைக்கு உண்டு. பள்ளிக்கூட வாசலையே மற்றவர்கள் திறக்காத காலத்தில் இந்தப் பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளிகள் எழுத்தறிவித்தன. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: மதபோதனைச் சம்மதத்துக்குத் தனித் தாள் வையுங்கள், அதில் ஆம், இல்லை இரண்டுக்கும் இடம் விடுங்கள், வேதபாடத்தை முதல் மணிக்கோ கடைசி மணிக்கோ மாற்றுங்கள், அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் இருக்கட்டும். இதற்கு அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு: தனித் தாள் இல்லையென்றால், 'மதபோதனைக்கும் வழிபாட்டுக்கும் சம்மதம் உண்டு' அல்லது 'இல்லை' என்று படிவத்தின் கீழே உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இடம் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.