கண்ணாடிக்குப் பகை அழுக்கல்ல, மணல்!

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி இத்தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

இத்தகைய ஆடிகளில் ஒளியைத் திருப்பி அனுப்புவது, மேலே பூசியிருக்கும் மிக மெல்லிய அலுமினியப் படலம். தூசி படிந்தால் வானியலாளர்கள் உலர்ந்த துணியால் துடைப்பதில்லை. முதலில் தூசியை ஊதி நீக்குவார்கள், தேவைப்பட்டால் நீர் விட்டுக் கழுவுவார்கள். படலமே மங்கிவிட்டால் அதைக் கரைத்தெடுத்துவிட்டு, வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் புதிதாகப் பூசுவார்கள். தேய்ப்பதற்கு அவ்வளவு அஞ்சுகிறார்கள்!

வீட்டு மீன் தொட்டிக்கும் அந்த அச்சம் வேண்டும். மோ கடினத்தன்மை அளவில் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் மணல் 7. ஸ்பாஞ்சில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும். காந்தத் துடைப்பானை அடிமணல்வரை இறக்காதீர்கள். கடைசி இரண்டு விரற்கடையைக் கையால், ஸ்பாஞ்சை அலசி அலசித் துடையுங்கள்.

பாசியும் உப்புக்கறையும்

மென்பாசி ஸ்பாஞ்சுக்கே வந்துவிடும். இறுகிய பச்சைப் புள்ளிகளுக்குப் புதிய பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். மூலைகளில் உள்ள சிலிகான் ஒட்டில் மட்டும் பிளேடு படக்கூடாது. அது அறுந்தால் தொட்டி ஒழுகும். அக்ரிலிக் தொட்டிக்கு பிளேடே ஆகாது. பாசி திரும்பத் திரும்ப வந்தால் வெயில் படும் ஜன்னலோரத்திலிருந்து தொட்டியை இடம் மாற்றுங்கள். 60×30×30 செ.மீ. தொட்டியில் தண்ணீரே 54 கிலோ. முழுக்கக் காலி செய்த பிறகே தூக்க வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு விழும். அது சுண்ணாம்பு உப்பு. நீர்மட்டத்தைக் குறைத்து, வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்தால் இளகிவிடும். பிறகு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வினிகர் உள்ளே வழியக்கூடாது. ஹீட்டர் இருந்தால் அதை முன்கூட்டியே அணைத்து ஆறவிடுங்கள். சோப்பு எந்த நிலையிலும் வேண்டாம்; மீனின் செவுளை அது சிதைக்கும்.

பளிச்சென்று கழுவாதீர்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. பில்டரிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் குழாயடியில் கொட்டிக் கழுவினால் இந்த உயிர்களும் போய்விடும். தண்ணீர் தெளிவாகத் தெரியும், ஆனால் அம்மோனியா ஏறி மீன்கள் மிதக்கும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். பில்டர் ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள். குழாய்நீரில் கலந்துள்ள குளோரினை முறித்த பிறகே அதை ஊற்றுங்கள்.

கொளத்தூர் கடைகளிலிருந்து பிள்ளைகளுக்காக வண்ணமீன் வாங்கிவரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: மீனுக்கு உணவு போடக் கற்றுத்தரும் நாளிலேயே, தொட்டியை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பராமரிக்கவும் கற்றுக்கொடுங்கள். அந்த மீன்கள் நம்மை நம்பியே வாழ்கின்றன.