காலதரும் உடல்நலமும்

சாளரத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தும் இச்சொல் பயில்கின்றது. சாளரத்தின் முதற்கடன் யாதென்பதை இப்பெயரே உணர்த்தும்.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இரவெல்லாம் ஆலைகளில் உழைத்துப் பகலில் உறங்குவோர், வாடகை அறைகளிற் பலராய்த் தங்கி, வெயிலும் இரைச்சலும் புகாவண்ணம் சாளரங்களை அடைத்துக்கொள்கின்றனர். குளிர்சாதனம் உள்ள அறையிற் காற்றும் தூயதே என்று கருதுவாருமுளர். அஃது உண்மையன்று. வீடுகளிற் பெரும்பாலும் காணப்படும் குளிர்சாதனம், அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் விடுமேயன்றிப் புதுக்காற்றைக் கொணராது. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கே கரியமிலவாயு; பலர் உறங்கும் அடைத்த அறையிலோ அது சில மணி நேரத்தில் 2,000 பங்கையும் கடத்தல் கூடும். தலைநோவும் சோர்வும் தோன்றும். ஒருவர்க்குக் காசநோய் இருப்பின் ஏனையோர்க்கும் எளிதிற் பரவும்.

இதற்கு மருந்து அரிதன்று. எதிரெதிர்ச் சுவர்களில் வழியிருப்பின் காற்று ஒன்றிற் புகுந்து மற்றொன்றில் வெளியேறும். உறங்குமுன்னும் எழுந்தபின்னும் அவற்றைச் சிறிது நேரம் திறந்துவைத்தலும் நன்று.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி திறக்கப்பெற்றது. இத்தகைய பெருவிடுதிகள் எழுங்காலத்து, கட்டில்களை எண்ணுதல் போலவே காலதர்களையும் எண்ணுதல் நம் கடனாம்.