அம்மானின் மோட்டார்ச் சைக்கிள்

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலின் மூலையிலே, கிழிந்த சாக்கொன்றினால் மூடப்பட்டு, பதினோராண்டுகளாக ஒரு மோட்டார்ச் சைக்கிள் கிடந்தது. 2011ஆம் ஆண்டிலே எண்பது வயதிற் காலமான என் அம்மான், "வண்டி மருமோனுக்கு" என்று சொல்லிவைத்துப் போனார். அவருடைய பெண்மக்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றமையால், அவர் தேடிய தேட்டத்துள் அந்த வண்டி என் பங்காயிற்று. பெற்றுக்கொண்டேனேயன்றிப் பேணினேன் அல்லேன். கோழிகள் அதன்மேல் உறங்கின. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இரும்போடு என்ன உறவு என்று எண்ணியிருந்தேன் போலும்.

2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் வந்தது. பெற்றோல் பெறும்பொருட்டு யானும் நெடுவரிசையிலே நின்றேன். உடன் நின்ற இளம் ஆசிரியர் ஒருவர், "ஐயா, தொண்ணூறுகளிலை இஞ்சை பெற்றோலே வராதாமே. அப்ப மோட்டார்ச் சைக்கிள் எல்லாம் எப்பிடி ஓடினது?" என வினவினார். "மண்ணெண்ணெயிலே" என்றேன். யான் வேடிக்கை பேசுகின்றேன் என்று அவர் சிரித்தார். அன்று மாலை வீடு சேர்ந்ததும் அச்சாக்கினை நீக்கிப் பார்த்தேன். சான்று அங்கேயே இருந்தது. பெற்றோல் தாங்கியின் கீழே கம்பியினாற் கட்டிய ஒரு சிறு மருந்துப் போத்தல். அதிலிருந்து காபரேற்றருக்கு இறங்கும் ஒரு சேலைன் குழாய். குழாய் மஞ்சள் நிறமெய்தி வைரித்துப் போயிருந்தது.

அவ்வண்டி பி.எஸ்.ஏ. கம்பனியாரின் 'பன்ரம்'. பன்ரம் என்பது உருவிற் சிறிய ஒருவகைக் கோழி. ஊரவர் வாயிலே அது 'பாண்டம்' ஆயிற்று. பேர்மிங்காம் நகரிலே 1861ஆம் ஆண்டில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பனியார், 1948ஆம் ஆண்டில் இவ்வண்டியை வெளியிட்டனர். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, மூன்று கியர், ஒற்றைச் சிலிண்டர். இங்கிலாந்திலே தந்திச் செய்தி கொண்டு திரியும் இளைஞர் இதனையே ஓட்டினர். உபதபாற் கந்தோர் ஒன்றிலே புதிதாக உத்தியோகம் ஏற்ற அம்மான், 1953ஆம் ஆண்டிலே இதனை வாங்கியது பொருத்தமே.

இவ்வண்டியின் பிறப்பு வரலாற்றைப் படித்தபோது, ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றையே படிப்பதுபோல் இருந்தது. பன்ரத்தின் மூலம் இங்கிலாந்துக்கு உரியதன்று. ஜேர்மனியிலே டி.கே.டபிள்யூ. என்னும் கம்பனியார் 1939ஆம் ஆண்டளவில் அமைத்த ஆர்.ரி. 125 என்பதே அதன் மூலம். உலகப்போரிலே தோற்ற நாட்டிடமிருந்து நட்டஈடாகப் பெறப்பட்ட அவ்வமைப்பை வென்ற நாட்டினர் படியெடுத்தனர். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பனியாரும், சோவியத் நாட்டினரும் அதனைத் தழுவியே வண்டி செய்தனர். ஜப்பானிலே யமஹா கம்பனியார் 1955இல் வெளியிட்ட முதல் மோட்டார்ச் சைக்கிளும் அதன் வழிவந்ததே. ஆங்கிலேயரோ, கியர் மிதி வலப்பக்கம் இருத்தல் வேண்டும் என்னும் தம் வழக்கம் நோக்கி, கண்ணாடியிலே தோன்றும் உருவம்போல எஞ்சினை இடம் வலமாக மாற்றி அமைத்துக்கொண்டனர். ஒரு மூல ஏடு, பல பிரதிகள், நாட்டுக்கு நாடு பாடபேதம்!

இனி, போத்தலின் கதைக்கு வருகின்றேன். 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. களவாக வந்த பெற்றோல் சிறு போத்தல்களிலே பொன்விலைக்கு விற்றது. மண்ணெண்ணெயும் மட்டாகவே கிடைத்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே எளிதில் ஆவியாகாது. சூடேறிய எஞ்சினிலே ஆவியாகும். ஆதலின், பெற்றோல் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயிலே ஓட்டும் உபாயத்தை எம்மவர் கண்டுகொண்டனர். அம்மானின் போத்தல் அத்துளிகளுக்கு உரியது. சேலைன் குழாயின் சில்லை விரலால் உருட்டி, ஐந்தாறு துளி எண்ணி விட்டு, உடனே அடைத்துவிடுவார். பின்னரே உதைப்பார். புகை தெருவை மறைக்கும். ஆயினும் வண்டி ஓடும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது. அப்பொழுது எனக்கு வயது இருபத்தைந்து. பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வண்டியின் பின்னே ஒரு மூடையே கட்டலாம். என் தந்தையார் அரிசி மூடையைத் தூக்கி வந்தார். அம்மான் அதனை இறக்கிவைத்து, என் புத்தகங்களையும், பாட்டனார் காலத்து ஏடுகள் சிலவற்றையும் சாக்கிலே இட்டுக் கட்டினார். "அத்தான், அரிசி போற இடத்திலை வாங்கலாம். இதை எங்கை வாங்கிறது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாவற்குழிப் பாலத்தை அணுகியபோது எஞ்சினை இயக்கவும் இடமில்லை, அத்துணை நெருக்கம். மழையும் தூறிற்று. அறுபத்து நான்கு வயதினரான அம்மான் வண்டியை இரவு முழுவதும் உருட்டியே வந்தார். யான் அம்மம்மாவைக் கையிற் பிடித்து நடந்தமையால், அவருக்கு உதவ இயலவில்லை. விடிந்தபின் கைதடியிலே ஒரு வேலியோரம் வண்டியை நிறுத்தி, சாக்கை அவிழ்த்து, நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். அப்புத்தகங்களைப் படித்தே யான் பண்டிதன் ஆனேன். அவருக்கு நன்றி என்று ஒருநாளும் வாய்திறந்து சொன்னேன் அல்லேன். கொட்டிலிலே துருவேறிக் கிடந்த வண்டியைப் பார்த்தபோது இந்நினைவு என்னைச் சுட்டது.

அயலூரிலே கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் வண்டியை ஏற்றிச் சென்றேன். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து வார்த்து, ஒன்பது நாள் ஊறவிட்டார். பத்தாம் நாள் அது மயிரிழை அளவு அசைந்தது. புகைக்குழாயினுள்ளே மண்ணெண்ணெய்க் கரி கல்லாக உறைந்திருந்தது. சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பிஸ்டனை இங்கிலாந்திலிருந்து வருவித்தோம். பன்ரத்தின் உறுப்புகளை இன்றும் அங்கே செய்து விற்கின்றனர். இத்தகைய எஞ்சினிலே எரிபொருட் கலவை முதலில் அடிப்பெட்டிக்குள் உறிஞ்சப்பட்டே மேலே செல்லும். அங்குள்ள சீல்களிலே காற்றுக் கசியுமாயின் எத்துணை உதைத்தாலும் இயங்காது. ஆதலின் அவையும் புதியன ஆயின. தீப்பொறி உண்டாக்கும் முனைகளினிடையே இருக்கவேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறு செய்து அதிற் பதினைந்து கூறு என்றார் முதியவர். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று அளந்த மரபினர்க்கு இது வியப்பன்று.

எல்லாம் முடியுந் தறுவாயில் முதியவர் அப்போத்தலைத் தொட்டு, "பண்டிதர் ஐயா, இது வண்டியோடை வந்த சாமான் இல்லை. கழட்டி எறிவமோ?" என்று கேட்டார். அதே வாரத்திலே, பழைய வண்டிகளைச் சேகரிக்கும் கொழும்புச் செல்வர் ஒருவரும் செய்தி அனுப்பினார். அவர் தருவதாகச் சொன்ன தொகை எங்கள் வீட்டுக் கூரையை மாற்றப் போதியது. ஆனால் நிபந்தனை ஒன்று: வண்டி கம்பனியிலிருந்து வந்த கோலத்திலேயே இருத்தல் வேண்டும், ஆதியில் இருந்த வெளிர்பச்சை நிறம் பூசப்படவேண்டும், பிற்காலத்துச் சேர்க்கை எதுவும் ஆகாது. வீட்டிலே, "கூரை ஒழுகுது, போத்தலோ பெரிசு?" என்று கேட்டார்கள். அக்கேள்வியும் நியாயமானதே.

இரண்டு நாள் யோசித்தேன். ஏடு பதிப்பிப்போர், பிறர் இடையே புகுத்திய பாட்டை இடைச்செருகல் என்று விலக்குவர். அந்த நியாயப்படி செல்வர் கேட்டதிலே பிழையில்லை. ஆயினும், இடைச்செருகல் என்பது பிறனொருவன் தன் சொல்லை மூலநூலாசிரியன் சொல்லாகக் காட்டி மறைந்துகொள்வது. அம்மான் எதனையும் மறைத்தாரல்லர். கம்பனியார் எழுதியது மூலம். பெற்றோல் இல்லாத நாட்டிலே அம்மூலம் எவ்வாறு செல்லும் என்று அவர் எழுதியது உரை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியபோது, நச்சினார்க்கினியர் உரையையும் உடன் பதிப்பித்தார்கள். மூலம் வேறு, உரை வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுவதே பதிப்பாளன் கடமை. உரையைக் கிழித்தெறிவது அன்று.

ஆதலின் இவ்வாறு செய்தோம். எஞ்சினை மூலத்தின்படியே திருத்தினோம். அது பெற்றோலிலேயே ஓடும். நிறமும் வெளிர்பச்சையே. போத்தலை மட்டும் அம்மான் கட்டிய கம்பியோடு இருந்த இடத்திலேயே விட்டோம். வைரித்த குழாய்க்குப் பதிலாகப் புதுக்குழாய் இட்டு, பழைய சில்லையே அதிற் கோத்து, அதன் நுனியைக் காபரேற்றரோடு பொருத்தாமல் அடைத்து வைத்தோம். கொழும்புச் செல்வருக்கு மறுமொழி எழுதினேன். கூரை அடுத்த மாரிக்கும் ஒழுகும். வாளி வைத்துக்கொள்வோம் என்று வீட்டிலே சொல்லிச் சமாதானம் செய்தேன்.

வண்டி முதன்முதல் இயங்கிய நாளிலே, வரிசையில் என்னோடு நின்ற அவ்விளம் ஆசிரியரை அழைத்திருந்தேன். ஏழாம் உதையிலே எஞ்சின் பேசிற்று. அவரைப் பின்னே ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம்வரை சென்றேன். பாலத்தருகே வண்டியை நிறுத்தி, அம்மான் நடந்த வழியைக் காட்டினேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை. குனிந்து, அப்போத்தலைக் கையாலே தடவி, சில்லை மெல்ல உருட்டிப் பார்த்தார்.

"எத்தினை துளி விடவேணும், ஐயா?" என்று கேட்டார்.

"ஐந்தாறு" என்றேன்.