ஒரு சொல்லுக்கு ஒரு படம்: மரச்செதுக்குக் கலைஞர் ஆர்லாண்டோ ஜூவிட்

இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது நாம் எல்லாவற்றையும் வரைவதில்லை. நான்கு அறைகள், வால்வுகள், பெரிய இரத்தக் குழாய்கள் போதும் என்று முடிவு செய்கிறோம். எதை வரைவது, எதை விடுவது என்ற அந்த முடிவில்தான் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. அதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் ஆர்லாண்டோ ஜூவிட் (1799–1869).

அவருடைய தந்தை ஆர்தர் ஜூவிட் ஒரு பள்ளி ஆசிரியர். தாம் வாழ்ந்த பகுதிகளின் வரலாற்றையும் இடங்களையும் பற்றி நூல்கள் எழுதியவர். தந்தையின் வெளியீடுகளுக்குப் படம் செதுக்கித்தான் மகன் தொழிலில் இறங்கினார். தம்பி லூவெலின் ஜூவிட்டும் படக்கலை பயின்று, பின்னாளில் தொல்பொருள் ஆய்வாளராகவும் மட்பாண்ட வரலாற்று நூலாசிரியராகவும் பெயர் பெற்றார்.

மரத்தில் படம் உருவாகும் விதம்

அக்காலத்தில் நூல்களுக்குப் படம் அச்சிட இரு வழிகள் பெருவழக்கில் இருந்தன. செப்புத் தகட்டில் பள்ளமாகக் கோடு கீறினால், அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். ஆனால் அதை அச்சிடத் தனி இயந்திரம் வேண்டும். எழுத்து ஒரு தாளிலும் படம் வேறொரு தாளிலுமாகவே பெரும்பாலும் அமையும். மரக்கட்டையில் இது தலைகீழ். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மேடாக நிற்கும் பகுதியே மையை ஏற்றுத் தாளில் பதியும். ஈய எழுத்தும் இவ்வாறே மேடாக இருப்பதால், இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிட்டார்கள். விளக்கத்தின் பக்கத்திலேயே அதற்குரிய படமும் வந்தது இப்படித்தான்.

இதற்கு பாக்ஸ்வுட் என்னும் மிகக் கடினமான மரத்தைக் குறுக்காக அறுத்து, ஆண்டு வளையங்கள் தெரியும் முகத்தில் செதுக்கினார்கள். அந்த முகத்தில் நார் பிசிறாது. மயிரிழை போன்ற கோடும் உடையாமல் நிற்கும். இந்த முறையை நியூகாசில் நகரின் தாமஸ் பியூவிக் (1753–1828) உயர்ந்த கலையாக வளர்த்திருந்தார். மரம் பருமனாக வளராததால் கட்டைகள் சிறியவை. படமும் இடவலம் மாறியே கட்டையில் அமைய வேண்டும். தவறாக வெட்டிய ஒரு கோட்டை எளிதில் திருத்தவும் முடியாது.

1,700 படங்கள் கொண்ட ஒரு சொல்லகராதி

அந்நாளில் இங்கிலாந்தில் இடைக்காலத் தேவாலயங்களைப் பழுதுபார்ப்பதும், அதே கோதிக் பாணியில் புதியன எழுப்புவதும் பெருகின. தாமஸ் ரிக்மன் 1817இல் இடைக்காலக் கட்டிடப் பாணிகளைக் காலவாரியாக வகைப்படுத்தியிருந்தார். ஆனால் தூண், வளைவு, சாளரம் ஆகியவற்றின் நுட்பமான உறுப்புகளைச் சொல்லால் மட்டும் விளக்கினால், பொறியாளர் ஒன்றையும் கொத்தனார் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளக்கூடும்.

ஆக்ஸ்போர்டு பதிப்பாளர் ஜான் ஹென்றி பார்க்கர் 1836இல் கட்டிடக்கலைச் சொல்லகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். 1838இல் ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டனுக்குக் குடிபெயர்ந்த ஜூவிட், அதன் பதிப்புகளுக்குப் பெருமளவில் படங்கள் செதுக்கினார். 1850இல் வந்த ஐந்தாம் பதிப்பின் தலைப்பே 1,700 மரச்செதுக்குப் படங்கள் உண்டு என்று அறிவித்தது. பின்னர் லண்டனில் வாழ்ந்தபோது, கில்பர்ட் ஸ்காட் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் அபே பற்றிய நூலுக்கும், முர்ரே நிறுவனத்தின் பேராலயக் கையேடுகளுக்கும் அவர் பணியாற்றினார்.

ஒருவர் வரைய, இன்னொருவர் செதுக்குவதே அன்றைய வழக்கம். ஜூவிட்டோ பல படங்களுக்குக் கட்டிடத்தை நேரில் பார்த்து, தாமே வரைந்து, தாமே செதுக்கினார். எந்தக் கோடு கல்லின் விளிம்பு, எந்தக் கோடு வெறும் நிழல் என்பது அவருக்குத் தெரியும். 1839இலேயே புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமாகிவிட்டது. ஆனால் புகைப்படம் அழுக்கையும் விரிசலையும் சேர்த்தே காட்டும். செதுக்குபவர் சொல்லுக்குரிய உறுப்பை மட்டும் எடுத்துக் காட்டுவார். படத்தை நேராக அச்சுத் தகட்டுக்கு மாற்றும் முறைகள் அந்நூற்றாண்டின் இறுதியில் பரவியதும் இந்தத் தொழில் நலிந்தது.

அந்த நூல் இன்றும் பார்க்கர் பெயரால்தான் வழங்குகிறது. செதுக்கியவரின் பெயரைச் சில படங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் தேடிக் காண வேண்டும். நம் பாடநூல்களிலும் ஓவியர்களின் பெயர்கள் உள்ளன. அவற்றை ஒருமுறை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்யலாமே.

வகுப்பறையில் செய்து பார்க்க

பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கின் முகத்தில், தீர்ந்துபோன பேனா ரீஃபிலால் ‘ழ’ என்று ஆழமாக எழுதச் செய்யுங்கள். மை தடவித் தாளில் அழுத்தினால் எழுத்து வெள்ளையாகவும் இடவலம் மாறியும் பதியும். “நேராக வர என்ன செய்யலாம்? எழுத்து கறுப்பாக வர எதை நீக்க வேண்டும்?” என்று கேளுங்கள். அடுத்து, ஓர் இலையைக் கொடுத்துப் பத்தே கோடுகளில் வரையச் சொல்லுங்கள். எந்தக் கோட்டை ஏன் விட்டார்கள் என்று குழந்தைகள் விளக்கும்போது, இலையை அவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியவரும்.