வயல் மண்ணும் வைக்கோலும் சேர்ந்த ஜப்பான் சட்டி

ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகள் போன முறை ஊருக்கு வந்தபோது ஒரு மண்சட்டி கொண்டுவந்தாள். டொனாபே என்று பேர். தடித்த சுவர், கனமான மூடி. பத்தே நாளில் அதை நான் உடைத்தேன். கழுவின கையோடு, அடி ஈரம் காயாமல், கேஸ் அடுப்பில் முழுத்தீயில் வைத்துவிட்டேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். அடியில் குறுக்காக விரிசல். “நம்ம சட்டியா இருந்தா இப்படி வைப்பீங்களா?” என்று வீட்டுக்காரம்மா கேட்டாங்க. வெளிநாட்டுச் சாமான், தாங்கும் என்று நினைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியது மண்ணும் வைக்கோலும்தான். ஒகாயாமா மாகாணத்துப் பிசென் பாத்திரங்களுக்கு மண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நெல் வயலுக்கு அடியிலிருந்து. ஹியோசே என்கிறார்கள். சில மீட்டர் ஆழத்தில் கிடக்கும் களிமண். அதைத் தோண்டி, வருஷக்கணக்கில் ஆறப்போட்டுப் பக்குவம் செய்கிறார்கள். ஏரி வண்டல் மாதிரி அது வருஷா வருஷம் வந்து சேராது. எடுத்தால் எடுத்ததுதான்.

பிசெனில் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு கிடையாது. சூளையில் அடுக்கும்போது பாத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வைக்கோல் வைத்திருக்கிறார்கள். வெந்து வந்தபோது வைக்கோல் பட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடு! வைக்கோலில் உள்ள பொட்டாஷ் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து செய்த வேலை. இப்போது அந்தக் கோட்டுக்காகவே வைக்கோல் சுற்றுகிறார்கள். ஹிதாசுகி என்று அதற்குப் பேர். கரட்சு, ஹாகி பக்கம் வைக்கோல் சாம்பலைக் கரைத்துப் பால் வெள்ளைப் பூச்சு போடுகிறார்கள். நெல் தாள் நம் கையை அறுக்கிறதே, அந்தச் சிலிக்காதான் அங்கே கண்ணாடியாகிறது. நம்மில் சிலர் இன்னும் வயலிலேயே கொளுத்திக்கொண்டிருக்கிறோம்.

டொனாபேக்குப் பேர்போன ஊர் மியே மாகாணத்து இகா. அந்த மண் பல லட்சம் வருஷம் முன்பு பிவா ஏரியின் படுகையாக இருந்தது. அதில் புதைந்த தாவர மக்கு சூளையில் எரிந்து போய், சட்டி முழுக்க நுண்ணிய துளைகள் விட்டுவிடுகிறது. அதனால் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆனால் தண்ணீரையும் குடிக்கும். நான் தவறியது இங்கேதான். துளைக்குள் நின்ற ஈரம் சூட்டில் ஆவியாகி விரிந்தது, சட்டி பிளந்தது.

புதுச்சட்டியை அவர்களும் நம்மைப்போலவே பழக்குகிறார்கள். மெதோமே என்று பேர். முக்கால் சட்டிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, ஒரு கை பழைய சோற்றைப் போட்டு, சிறுதீயில் கஞ்சியாகக் காய்ச்சி, அப்படியே ஆறவிட வேண்டும். கஞ்சிப்பசை துளைகளை அடைத்துவிடும். பிறகு கழுவி, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்கக் காயணும். பூச்சில்லாத குவளை, கிண்ணம் என்றால் அரிசி களைந்த தண்ணீரில் மூழ்கவைத்து இருபது நிமிஷம் சிறுதீயில் கொதிக்கவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் பரிமாறும் முன் சற்று நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் எண்ணெயும் குழம்புக் கறையும் உள்ளே இறங்காது.

சோப்புத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். அதையும் குடித்துவிட்டு அடுத்த சோற்றில் கக்கும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றக்கூடாது. மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; வினிகர் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கழுவி, நன்றாக வெயிலில் வையுங்கள். அடி வளையம் சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடலாம்; மேஜை கீறாது.

உடைந்த கிண்ணத்தை மரப்பாலான உருஷி அரக்கால் ஒட்டி, அதன்மேல் தங்கத்தூள் தூவும் கின்ட்சுகி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்த அரக்கு இறுகவே ஈரக்காற்றும் பல நாளும் வேண்டும். அப்படி ஒட்டியது பரிமாறத்தான் ஆகும், தீயில் வைக்க ஆகாது. மயிரிழை விரிசல் என்றால் மறுபடி கஞ்சி காய்ச்சினாலே அடைபடும். என்னுடையது அந்த நிலையைத் தாண்டிவிட்டது. இப்போது கிணற்றடியில் அதில் வல்லாரை இருக்கிறது. வடிகாலுக்குத் தனியாக ஓட்டை போடவேண்டிய வேலை மிச்சம்.